தொம்மலூர் வரை வந்த எல்லை

பெங்களூரின் தொம்மலூரைக் கடக்கும் பெரிய சாலைக்கு இன்றும் பெயர் பழைய விமான நிலையச் சாலைதான். 2008 மே 24 அன்று தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறக்கும்வரை, பெங்களூரிலிருந்து விமானம் ஏறியவர்கள் இந்த வழியாகத்தான் எச்.ஏ.எல். நிலையத்துக்குப் போனார்கள். போகிறவர் ஒருவர் என்றால் வழியனுப்ப வீடே கிளம்பும். ஐரோப்பாவின் எல்லை அந்தப் பயணத்தின் மறுமுனையில், பிராங்க்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ முத்திரை குத்தும் அதிகாரியின் மேசையில் இருப்பதாகவே எல்லாரும் நினைத்தார்கள். அன்று பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில், தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனைகளை விலக்கும் ஒப்பந்தத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வருமுன், ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து மூன்றுக்கும் போகவேண்டியவர் மூன்று விசா வாங்கவேண்டும். அதற்கும் வெளியூர் போகவேண்டும்; பெங்களூரில் ஜெர்மன் துணைத் தூதரகம் வந்ததே 2008-இல்தான்.

இன்று ஒரு விசாவில் 29 நாடுகள். தொம்மலூருக்கு அருகிலுள்ள கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்து மென்பொருள் ஊழியர் நகருக்குள்ளேயே இருக்கும் விசா மையத்துக்கு ஆட்டோவில் போய், 90 யூரோ கட்டணமும் பத்து விரல் ரேகையும் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் வேலைக்குத் திரும்பலாம். இந்தியாவில் ரேகை எடுப்பது 2015 நவம்பர் 2-இல் தொடங்கியது. அந்தப் பதிவு ஐந்தாண்டு பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும். உறுப்பு நாடுகள் எல்லாமே அதைப் பார்க்கலாம். ஒழுங்காகப் போய்த் திரும்பியவர்களுக்கு இரண்டாண்டு, பிறகு ஐந்தாண்டு விசா என்று 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்குச் சலுகையும் வந்தது. நல்ல மாற்றம்தான், எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் அதன் பயனை அனுபவிக்கிறார்கள்.

ஆனால் ஒரே வளாகத்து வீட்டுக்காரர்கள் நடுச்சுவர்களை இடித்துவிட்டு வெளிச்சுவரை உயர்த்திக்கொண்டதைப் போலத்தான் இதுவும் நடந்தது. அந்த வெளிச்சுவர் யாரைத் தடுத்தது என்பதைத் தமிழர்கள் மறக்கக்கூடாது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடியவர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு வழி இருந்தது. சோவியத் அல்லது கிழக்கு ஜெர்மன் விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்குவார்கள். இடைவழி அனுமதி கிடைக்கும். அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லின். பெர்லினை ஒரே நகரமாகக் கருதிய மேற்கு நாடுகள் அந்தக் கோட்டில் பாஸ்போர்ட் பார்க்கவில்லை. ரயிலை விட்டிறங்கிப் புகலிடம் கேட்டார்கள். பனிப்போரின் ஓட்டையில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்களின் உயிர் தப்பியது. மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலால் 1985-இல் கிழக்கு ஜெர்மனி அதை அவர்களுக்கு மூடியது.

அடுத்தடுத்து மற்ற வழிகளும் அடைந்தன. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்குத் தண்டம் என்று பிரிட்டன் 1987-இல் சட்டம் போட்டது. அப்போது பெருமளவில் வந்துகொண்டிருந்தவர்களில் ஈழத்தமிழர்களும் அடக்கம். 1990-இன் ஷெங்கன் உடன்படிக்கையும் அதையே விதித்தது. 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதியில், அந்தத் தண்டத்துக்கு நாடுகள் தேர்ந்துகொள்ளக்கூடிய வரம்புகளில் ஒன்று ஆளுக்குக் குறைந்தது 3,000 யூரோ. அதனால்தான் பெங்களூர் விமான நிலையத்தில் பெட்டியை எடைபோடும் ஊழியரே முதலில் விசாவைப் புரட்டிப் பார்க்கிறார். எல்லைக் காவலரின் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. புகலிடச் சட்டம் படித்தவர் அல்லர் அவர். 1996-இல், விமானம் மாறுவதற்காக நிலையத்துக்குள் காத்திருக்கவே விசா வேண்டும் என்று பத்து நாடுகளின் பொதுப் பட்டியலை ஐரோப்பிய ஒன்றியம் போட்டது. இலங்கை அதில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

உள்ளே எப்படியோ போய்விட்டால்? புகலிட மனுவை எந்த நாடு விசாரிப்பது என்று வகுக்கும் டப்ளின் விதிப்படி, பெரும்பாலும் முதலில் கால்வைத்த நாடுதான் பொறுப்பு. 2003 ஜனவரியிலிருந்து யூரோடாக் என்ற ரேகைப் பதிவு அதைக் காட்டிக்கொடுக்கிறது. 2024 மே மாதம் ஏற்கப்பட்ட, ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய புலம்பெயர்வு-புகலிட உடன்படிக்கையில் ரேகை எடுக்கும் வயது பதினான்கிலிருந்து ஆறாக இறங்கியது. ஆறு வயது! நம் வீட்டில் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் குழந்தை.

இதில் என்னை உறுத்துவது ஒரு முடிச்சு. புகலிடம் கேட்க ஐரோப்பிய மண்ணில் அல்லது அதன் எல்லையில் நிற்கவேண்டும். அங்கே முறையாகப் போக விசா வேண்டும். திரும்பமாட்டார் என்ற சந்தேகம் எழுந்தால் விசா இல்லை. தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் அரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர் இருக்கிறார்கள். அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை; 2019 குடியுரிமைத் திருத்தம் இலங்கையைச் சேர்க்கவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் சென்னையிலோ பெங்களூரிலோ விசா மையத்துக்கு வந்தால், நீட்டுவதற்கு அவரிடம் பெரும்பாலும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இருக்காது.

சிரியக் குடும்பம் ஒன்று பெய்ரூட்டிலுள்ள பெல்ஜியத் தூதரகத்தில் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. புகலிடம் கேட்பதற்காகவே விசா தரும் கடமை ஐரோப்பியச் சட்டத்தில் இல்லை என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 மார்ச்சில் தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லையென்றால் எழுதிச் சேர்க்கலாமே! தூதரகங்களில் மனிதநேய விசா தரும் சட்டத்தை முன்வையுங்கள் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2018 டிசம்பரில் ஆணையத்தைக் கேட்கவும் செய்தது. 2024 உடன்படிக்கையில் அந்த விசா இடம்பெறவில்லை.