கதை யாருடையது? பார்வையாளரும் பங்காளரே

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை ஊர்களுள் ஒன்று தேற்றாத்தீவு. இப்பிரதேசத் தமிழ் ஊர்களில் கூத்து என்பது சிலர் ஆட ஏனையோர் பார்த்துவிட்டுச் செல்லும் நிகழ்வன்று. சட்டங்கொடுத்தல் முதல் சதங்கையணி, அரங்கேற்றம் வரையிலான நீண்ட பயிற்சியை ஊரார் உடனிருந்து பார்ப்பர். பிழை கண்டால் சொல்வர். செலவையும் பகிர்ந்து கொள்வர். அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களின் களிகம்பாட்டமும் அவ்வாறே ஊர் கூடி வளர்த்த கலையாகும்.

ஆயினும் இதே மக்கள் திரையின் முன்னே வாய்மூடி அமர்ந்திருக்கின்றனர். படம் எங்கோ முடிக்கப்பட்ட பின்னரே எம்மிடம் வந்து சேர்வதே இதற்குக் காரணம். பார்வையாளருக்குப் படத்தில் இடமளிக்க இரு வேறு முயற்சிகள் 1967 ஆம் ஆண்டில் ஒரே நாட்டில், அதாவது கனடாவில், நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது.

முதலாவது, மொன்றியல் உலகக் கண்காட்சியில் செக் நாட்டு இயக்குநர் ரடூஸ் சின்செரா காட்டிய 'கினோஓட்டோமாட்' ஆகும். ஒவ்வோர் இருக்கையிலும் இரு பொத்தான்கள் இருந்தன. கதை இடையிடையே நிறுத்தப்பட்டு, அடுத்து நிகழ வேண்டியது யாதெனச் சபையோரிடம் வாக்குக் கோரப்பட்டது. ஆனால் எதைத் தெரிவு செய்தாலும் கதை ஒரே முடிவையே சென்றடையும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. 2018 இல் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட 'பாண்டர்ஸ்னாட்ச்' படத்தில் முடிவுகள் பல இருந்தன. எனினும் அவை யாவும் பிறர் முன்கூட்டியே எழுதி வைத்தவையே.

இரண்டாவது முயற்சி போகோ என்னும் மீனவத் தீவில் நடைபெற்றது. அத்தீவு மக்களை வேறிடங்களில் குடியமர்த்துவது பற்றி அரசு ஆலோசித்த காலம் அது. மக்களோ ஊராலும் சமயப் பிரிவாலும் பிளவுண்டிருந்தனர். கனடா தேசியத் திரைப்படச் சபையின் கொலின் லோ அங்கு சென்று அவர்களது பேச்சைக் குறும்படங்களாக்கினார். எடுத்த காட்சிகள் முதலில் உரியவர்களுக்கே காட்டப்பட்டன. வேண்டாதவற்றை நீக்கச் சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. பின்னர் ஓர் ஊரின் படத்தை மற்றைய ஊர் பார்த்தது. ஆட்சியாளரும் பார்த்தனர், அமைச்சரின் பதிலும் படமாக்கப்பட்டுத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. மக்கள் தீவை விட்டு வெளியேறவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்து மீன்பிடித் தொழிலைத் தம் கையில் எடுத்தனர்.

அயல்நாடான இந்தியாவிலும் முன்னுதாரணங்கள் உண்டு. குஜராத்தின் பால் உற்பத்தியாளர் 5 இலட்சம் பேர் தலா 2 ரூபா வழங்க 1976 இல் 'மந்தன்' உருவாயிற்று. கேரளத்தில் ஜோன் ஏபிரகாமின் ஒடேசா குழுவினர் ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் திரட்டிய பணத்தில் 1986 இல் 'அம்ம அறியான்' வெளிவந்தது.

இவை எமக்கு உணர்த்துவது யாது? பொத்தானை அழுத்துவது மட்டும் பங்கேற்பாகாது. எதைச் சொல்வது, எதை நீக்குவது, யாருக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையே பங்கேற்பாகும்.

1990 ஆம் ஆண்டின் படுகொலைகளும் 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளும் இக்கரையில் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருங்கே பாதித்தன. ஆயினும் ஒவ்வொரு சமூகமும் தன் துயரை மட்டுமே பேசியும் கேட்டும் பழகிவிட்டது. இன்று படம்பிடிக்கும் கருவி ஒவ்வொருவர் கையிலும் கைத்தொலைபேசியாக இருக்கின்றது. எடுத்ததை உடனே உலகுக்கு அனுப்பாது, முதலில் அதில் பேசியவருக்கும், அடுத்து அயலூராருக்கும் காட்டும் பொறுமையே தேவை. தேற்றாத்தீவில் எடுத்த படத்தைக் காத்தான்குடியும், காத்தான்குடியில் எடுத்ததைத் தேற்றாத்தீவும் ஒன்றாயிருந்து பார்த்துப் பேசும் நாளில், களரியைச் சுற்றி அமர்ந்த அந்தப் பழைய சபை திரையின் முன்னும் கூடும்.