ஆராய்ச்சி மானியமும் நிபுணர் மதிப்பீடும்

சுகாதார ஆராய்ச்சிக்கென அரசாங்கம் வழங்கும் மானியம் பொதுமக்களின் பணமாகும். ஆராய்ச்சி செய்ய முன்வருவோர் பலர். வழங்கக்கூடிய தொகையோ ஓர் அளவுக்கு உட்பட்டது. ஆகவே, வரும் விண்ணப்பங்களில் சிலவற்றை ஏற்றுப் பலவற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. இத்தேர்வு பிழைபடுமாயின் இருவகை நஷ்டங்கள் நேரும். விடை காண இயலாத ஆராய்ச்சிக்குப் பணம் சென்றால், பணம் வீணாவதுடன், அதற்கென இரத்தமும் நேரமும் கொடுத்த நோயாளிகளின் ஒத்துழைப்பும் வீணாகிறது. நல்லதொரு யோசனை தள்ளப்பட்டால், அதனால் குணமடைந்திருக்கக் கூடியவர்கள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். முதல் நஷ்டம் கணக்கில் தெரியும். இரண்டாவது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இத்தேர்வை யார் செய்வது? அலுவலக அதிகாரி ஒருவர் எல்லாத் துறைகளையும் கற்றறிந்திருக்க இயலாது. விண்ணப்பம் செய்தவரோ தம் யோசனையைத் தாமே நிறுத்துப் பார்க்க முடியாது. பொன்னை உரைத்துப் பார்க்கப் பொற்கொல்லரே வேண்டும் என்பது போல, அதே துறையில் பயின்ற பிற விஞ்ஞானிகளிடம் விண்ணப்பத்தைக் கொடுத்து அவர்களுடைய அபிப்பிராயத்தைப் பெறுவதே உலகெங்கும் நடைமுறையாகிவிட்டது. இதனைச் சக நிபுணர் மதிப்பீடு எனலாம்.

தோற்றமும் அமைப்பும்

நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி வழங்குவதற்கென 1911ஆம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் நிறுவப்பட்டது. 1949இல் அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. தனக்குரிய நிலையங்களில் ஆராய்ச்சி நடத்துவதோடு, மருத்துவக் கல்லூரிகளிலும் பிற நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கும் இக்கழகம் மானியம் அளித்து வருகிறது. அவர்கள் அனுப்பும் விண்ணப்பங்கள் நிபுணர்களின் பரிசீலனைக்கு உட்படுத்தப்படுகின்றன.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்கள் 1946ஆம் ஆண்டிலிருந்து துறைவாரியாக நிபுணர் குழுக்களை அமைத்து இம்முறையை விரிவாக வளர்த்தன. அங்கு மதிப்பீடு இரண்டு படிகளில் நிகழ்கிறது. முதற்படியில் விஞ்ஞானிகள் அடங்கிய குழு விண்ணப்பத்தின் தகுதியை ஆராய்ந்து மதிப்பெண் இடுகிறது. இரண்டாம் படியில், விஞ்ஞானிகளுடன் பொதுமக்கள் சார்பானவர்களும் இடம்பெறும் ஆலோசனைக் குழு, நாட்டின் தேவையையும் நிறுவனத்தின் நோக்கத்தையும் கருதிப் பரிந்துரை செய்கிறது. தகுதியை நிர்ணயிப்பவர்களும் பணத்தைப் பற்றி முடிவு செய்பவர்களும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும் என்பதே இவ்வமைப்பின் கருத்து.

முதல் வினா: கேள்வி பயனுடையதா?

மதிப்பீட்டாளர் முதலில் நோக்குவது ஆராய்ச்சியின் கேள்வியையே. இதற்கு விடை கிடைத்தால் நோயாளிகளுக்கோ, மருத்துவருக்கோ, அரசாங்கத்தின் திட்டத்துக்கோ என்ன மாறுதல் உண்டாகும்? ஏற்கெனவே விடை தெரிந்த விஷயமாயின் அதனை மீண்டும் ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டா?

நல்ல கேள்வி எவ்வாறிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே உள்ளது. 1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் சிகிச்சை அளிக்க வேண்டுமா, அல்லது வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொள்ளச் செய்தால் போதுமா என்பதே அந்நிலையம் எடுத்துக்கொண்ட முதல் வினா. நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். 1959இல் வெளியான முடிவுகளின்படி, வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களின் நிலை சானடோரியத்தில் இருந்தவர்களின் நிலைக்குப் பெரும்பாலும் ஈடாக இருந்தது. அவர்களுடன் வசித்த குடும்பத்தினருக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவியதாகவும் தெரியவில்லை.

விடை எவ்வாறு அமைந்திருந்தாலும் அது பயன்பட்டிருக்கும் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. வீட்டுச் சிகிச்சை போதாது என்று தெரிந்திருந்தால் படுக்கைகளைப் பெருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். போதும் என்று தெரிந்தமையால் படுக்கை கிடைக்காத இலட்சக்கணக்கானோருக்கு வழி பிறந்தது. 'ஆம்' என்ற விடையும் 'இல்லை' என்ற விடையும் ஒருங்கே பயன் தரும் கேள்வியை மதிப்பீட்டாளர் உயர்வாகக் கருதுவர்.

இரண்டாம் வினா: முறை விடையைத் தருமா?

கேள்வி சிறந்ததாயினும் முறை பிழையானதாயின் விடை கிட்டாது. பெரும்பாலான விண்ணப்பங்களின் பலமும் பலவீனமும் இப்பகுதியில்தான் வெளிப்படும். ஒப்பிடுவதற்குரிய பிரிவு உண்டா, நோயாளிகள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுவர், குணமடைதல் என்பது எதைக் கொண்டு அளக்கப்படும், அளப்பவருக்கு எந்த நோயாளி எந்த மருந்தைப் பெற்றார் என்பது தெரிந்திருக்குமா என்பன போன்ற விவரங்கள் ஆராயப்படுகின்றன.

இவற்றுள் நோயாளிகளின் எண்ணிக்கை முக்கியமானது. பழைய மருந்தினால் 100க்கு 70 பேர் குணமடைகின்றனர் என்றும், புதிய மருந்தினால் 80 பேர் குணமடையக் கூடும் என்றும் ஒருவர் கருதுவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான புள்ளியியல் அளவுகோல்களின்படி இவ்வேறுபாட்டை நம்பத்தக்க வகையில் நிறுவ ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 300 பேர், ஆக 600 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் இடையில் நின்றுவிடுவர் என்று எதிர்பார்த்தால், 750 பேரைச் சேர்க்க வேண்டும். அவ்வாராய்ச்சி நடைபெறும் மருத்துவமனைக்குத் தகுதியான நோயாளிகள் மாதந்தோறும் 15 பேரே வருகின்றனர் எனில், இரண்டு ஆண்டுகளில் 360 பேருக்கு மேல் சேர்க்க இயலாது. எவ்வளவு அழகாக எழுதப்பட்ட விண்ணப்பமும் இச்சிறு கணக்கின் முன் நில்லாது.

கடமையுணர்ச்சியுள்ள மதிப்பீட்டாளர் இத்தகைய குறையைக் கண்டவுடன் 'தள்ளுக' என்று எழுதி ஓய்ந்துவிடுவதில்லை. மேலும் இரு மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், காலத்தை நீட்டலாம் என்று வழி காட்டுகிறார். மதிப்பீட்டின் பயனில் ஒரு பகுதி, மானியம் பெறாதவருக்கும் இவ்வாறு சென்று சேர்கிறது.

மூன்றாம் வினா: செய்து முடிக்க இயலுமா?

ஆராய்ச்சியாளரின் பயிற்சி, உடன் பணிபுரிவோர், ஆய்வுக்கூட வசதி, கோரப்படும் தொகை ஆகியவை அடுத்துக் கவனிக்கப்படுகின்றன. மிகைப்பட்ட செலவுத் திட்டத்தைப் போலவே, மிகக் குறைந்த செலவுத் திட்டமும் ஐயத்திற்கு இடமளிக்கும். கிராமந்தோறும் சென்று விவரம் திரட்ட வேண்டிய ஆராய்ச்சியில் பயணச் செலவு குறிப்பிடப்படவில்லையாயின், விண்ணப்பதாரர் அப்பணியை நேரில் அறியாதவர் என்பது விளங்கிவிடும்.

ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதரின் பாதுகாப்பு இவை அனைத்துக்கும் மேலானது. பங்கு பெறுவோருக்கு விவரம் புரியும் மொழியில் கூறப்பட்டு, அவர்களுடைய சம்மதம் பெறப்படுமா, தீங்கு நேரிட்டால் சிகிச்சைக்கும் ஈட்டுத்தொகைக்கும் ஏற்பாடு உண்டா என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். இதனை ஆராயவென்றே ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு தனியாக இயங்குகிறது. அதில் மருத்துவர்களுடன் சட்டம் அறிந்தவரும் சாதாரணக் குடிமகன் ஒருவரும் இடம்பெறுவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு வழிகாட்டியாக உள்ளன. விடை தர இயலாத ஆராய்ச்சியில் மனிதரை ஈடுபடுத்துவதே ஒரு நெறித் தவறு என்பதால், முறையைப் பற்றிய வினாவும் நெறியைப் பற்றிய வினாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

மதிப்பெண் இடும் விதம்

அமெரிக்க முறையில் ஒவ்வொரு விண்ணப்பமும் பொதுவாகக் குழுவின் மூன்று உறுப்பினர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர்கள் தனித்தனியே படித்து, எழுத்து மூலம் குறை நிறைகளைக் கூறி, 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுகின்றனர். 1 என்பது மிகச் சிறந்தது. 9 என்பது மிகத் தாழ்ந்தது. பின்தங்கிய விண்ணப்பங்கள் பொதுவாகக் கூட்டத்தில் விவாதிக்கப்படுவதில்லை. எனினும் எழுத்து மூலமான கருத்துகள் விண்ணப்பதாரருக்கு அனுப்பப்படுகின்றன. ஏனையவை விவாதிக்கப்பட்ட பின் குழுவினர் அனைவரும் இரகசியமாக மதிப்பெண் இடுகின்றனர். சராசரியைப் பத்தால் பெருக்கி, 10 முதல் 90 வரையுள்ள இறுதி மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. விண்ணப்பதாரருடன் உறவோ, கூட்டாகச் செய்த பணியோ, ஒரே நிறுவனத் தொடர்போ உள்ள உறுப்பினர் அவ்விண்ணப்பம் விவாதிக்கப்படுகையில் கூட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்.

முறையின் குறைபாடுகள்

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், மதிப்பிடுவோர் மனிதரே என்பதை மறத்தலாகாது. சுவீடன் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு 1995இல் வந்த 114 உதவித்தொகை விண்ணப்பங்களின் பதிவுகளை கிறிஸ்டின் வென்னராஸ், ஆக்னஸ் வோல்டு என்ற இரு பெண் விஞ்ஞானிகள் பரிசீலித்தனர். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே திறமை மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆராய்ச்சிப் பணி செய்திருக்க வேண்டியிருந்தது என்றும், குழுவினருடன் தொடர்புடையவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றனர் என்றும் அவர்கள் 1997இல் வெளியிட்டனர். தொடர்புடைய உறுப்பினர் தாம் மதிப்பெண் இடாமல் விலகியிருந்த போதிலும் இது நிகழ்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

அமெரிக்காவில் நிகழ்ந்த வேறோர் ஆராய்ச்சியில், முன்னரே மானியம் பெற்ற 25 விண்ணப்பங்கள் 43 மதிப்பீட்டாளர்களிடம் மீண்டும் அளிக்கப்பட்டன. ஒரே விண்ணப்பத்தைப் பற்றி அவர்களிடையே ஒத்த கருத்துக் காணப்படவில்லை என்பது 2018இல் வெளியான அதன் முடிவு. எனினும் அவை அனைத்தும் ஏற்கெனவே தேர்ந்த விண்ணப்பங்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நல்லவற்றுள் எது மேலும் நல்லது என்று பிரிப்பதில் இம்முறை தளர்கிறது என்பதையே இது காட்டுகிறது. தகுதியற்றதைத் தகுதியுள்ளதிலிருந்து பிரிக்க இயலாது என்று இதனால் கொள்ளுதல் பொருந்தாது.

உழைப்பின் செலவும் பெரிது. ஆஸ்திரேலியாவில் 2012ஆம் ஆண்டு தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்த 3,727 விண்ணப்பங்களைத் தயாரிப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் செலவிட்ட காலம் மொத்தத்தில் ஏறத்தாழ 550 வேலை ஆண்டுகள் என்று மதிப்பிடப்பட்டது. அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கே மானியம் பெற்றது.

திருத்தங்கள்

இக்குறைகளைப் போக்கப் பல நாடுகள் முயன்று வருகின்றன. அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டு சனவரி முதல், ஆராய்ச்சியின் முக்கியத்துவத்துக்கும் முறையின் செம்மைக்கும் மட்டுமே தனித்தனி மதிப்பெண் இடப்படுகிறது. ஆராய்ச்சியாளரின் தகுதியும் நிறுவனத்தின் வசதியும் இப்பணிக்குப் போதுமா, போதாதா என்று மட்டும் கூறினால் போதும். அவற்றுக்குத் தனி மதிப்பெண் இல்லை. பெயரும் புகழும் தேர்வைச் சாய்த்துவிடாமல் தடுப்பதே இதன் நோக்கம். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய ஒருவகைச் சிறு மானியத்திற்கு, விண்ணப்பதாரரின் பெயரை மறைத்து மதிப்பிட்டு, தகுதியுடையவை என்று தேறியவற்றுள் குலுக்கல் முறையில் தேர்வு செய்யும் வழக்கத்தைக் கைக்கொண்டது. எது மேல் என்று கூற இயலாதபோது இயலும் என்று பாசாங்கு செய்யாமலிருப்பதும் நேர்மையே.

களப்பணியாளரும் ஆசிரியரும்

இவ்விஷயம் தலைநகரில் கூடும் குழுக்களுக்கு மட்டும் உரியதன்று. மாதந்தோறும் எத்தனை நோயாளிகள் வருகின்றனர், எத்தனை பேர் சிகிச்சையை இடையில் நிறுத்துகின்றனர் என்ற எண்களை விண்ணப்பதாரர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேடுகளிலிருந்துதான் பெறுகிறார். மேலே கூறிய 15 என்ற எண் தவறாக 40 என்று பதிவாகியிருந்தால், மிகத் தேர்ந்த மதிப்பீட்டாளரும் ஏமாற நேரிடும். பதிவேட்டில் உள்ளபடி எழுதும் களப்பணியாளர், தாம் காணாத ஒரு குழுவின் தீர்ப்புக்கு அடிப்படை இட்டவராகிறார்.

ஆசிரியர்கள் இம்முறையை வகுப்பிலேயே பழக்கலாம். மாணவர்களிடம் ஒரு சிறு ஆராய்ச்சித் திட்டத்தை எழுதச் செய்து, மற்றொரு மாணவர் குழுவிடம் அதனைக் கொடுக்கலாம். கேள்வி பயனுடையதா, முறை விடை தருமா, செய்து முடிக்க இயலுமா, யாருக்கேனும் தீங்கு நேருமா என்ற நான்கு வினாக்களுக்கும் அவர்கள் காரணத்துடன் எழுத்தில் விடையளிக்க வேண்டும். எழுதியவரைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், எழுதப்பட்டதைப் பற்றி மட்டுமே கூற வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தல் நலம். நாளைய விஞ்ஞானிக்கு இதனினும் சிறந்த பயிற்சி அரிது.