பூனைக்கு வீட்டுக் காவல்!

"ராத்திரி பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவதா, வெளியே விடுவதா?" பூனை வளர்க்கும் வீடுகளில் தினசரி எழும் கேள்வி இது. தென்மேற்கு ஜெர்மனியில் வால்டார்ஃப் என்ற ஊரிலே, 2022 மே மாதம், ஜில்லா அதிகாரிகளே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். ஊரின் தென்பகுதிப் பூனைகள் ஆகஸ்டு முடியும் வரை வெளியே தலை காட்டக் கூடாது; இரவில் மட்டுமல்ல, பகலிலுந்தான்!

காரணம், தலையில் குடுமி வைத்த ஒரு சின்னஞ்சிறு பறவை: கொண்டை வானம்பாடி. அங்கே மிஞ்சியிருந்தவை எண்ணி மூன்று ஜோடிகள். மரத்தை நாடாமல் தரையிலே கூடு கட்டும் அப்பாவி அது. குஞ்சுகளோ, பறக்கக் கற்கும் முன்பே கூட்டை விட்டு இறங்கித் தத்தித் தத்தி நடக்கும். பூனைக்கு வேறென்ன வேண்டும்? பகலெல்லாம் தரையில் திரியும் பறவைக்கு, பூனையை இரவில் மட்டும் அடைத்தால் போதுமா?

மீறினால் 500 யூரோ அபராதம். வானம்பாடியைப் பூனை கொன்றுவிட்டாலோ, 50,000 யூரோ வரை! இரண்டு மீட்டர் கயிற்றில் கட்டி உலாவ அழைத்துப் போகலாமாம். (பூனையைக் கயிறு கட்டி நடத்திப் பார்த்தவர்கள் இங்கே சிரிக்கலாம்.)

பிராணிப் பாதுகாப்புச் சங்கத்தார் எதிர்த்தார்கள். ஊர் சுற்றிப் பழகிய பூனையைத் திடீரென்று அடைத்தால் தவித்துப் போகுமே என்றார்கள். நியாயந்தான். விடிய விடியக் கதவைப் பிறாண்டினால் வீட்டில் யார் தூங்குவது? ஆனாலும் என் ஓட்டு வானம்பாடிக்கே. பூனைக்கு வேளை தவறாமல் தட்டில் தீனி விழுகிறது. அந்த மூன்று ஜோடியும் போனால், அவ்வூருக்கு அப்புறம் வானம்பாடி ஏது?

அதிகாரிகளும் விடவில்லை. 2025 வரை வருஷா வருஷம், ஏப்ரல் பிறந்தால் பூனைக்குக் கதவடைப்பு என்று உத்தரவிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்!