உங்களுக்குத் தெரியுமா? ஒரே டிரம்... ஸ்னேரும் அதுதான், ஃப்ளோர் டாமும் அதுதான்!

● டிரம்ஸ் செட்டில், வாசிப்பவரின் முழங்கால்களுக்கு நடுவே இருப்பது ஸ்னேர். வலப்பக்கம் மூன்று கால் ஊன்றி நிற்பது ஃப்ளோர் டாம். முன்னது படாரென்று வெடிக்கும், பின்னது தூம் என்று இறங்கும். குரலில் இவ்வளவு தூரம் இருந்தாலும் 14 அங்குல விட்டம் இரண்டிலுமே சர்வ சாதாரணம். உயரத்தில்தான் வேறுபாடு: ஸ்னேர் பெரும்பாலும் 5 முதல் 6.5 அங்குலம், டாம் 14 அங்குலம். மேடை சிறிது, வண்டியில் இடமில்லை, கையில் காசும் குறைவு என்கிற வாசிப்பாளருக்கு 'ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொண்டால் என்ன?' என்று தோன்றுவது நியாயம்தானே!

● ஸ்னேரை ஸ்னேர் ஆக்குவது அடியில் கிடக்கும் சுருள் கம்பிகள். வழக்கமாக 20 இழைகள். மேலே குச்சி விழுந்ததும் உள்ளே இருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ளும். கம்பிகள் துள்ளி, மறுபடி தோலிலேயே அறையும். நாம் கேட்கும் 'சர்' அதுதான். பக்கவாட்டில் உள்ள லிவரைத் தட்டிவிட்டால் கம்பிகள் தோலை விட்டு விலகிக்கொள்ளும். அந்த நொடியிலிருந்து அது டாம்.

● ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக், 1943-ல் எழுதிய 'கான்செர்ட்டோ ஃபார் ஆர்க்கெஸ்ட்ரா'வின் இரண்டாம் பகுதியை, கம்பி விலக்கிய ஸ்னேரின் தனி ஒலியில்தான் தொடங்கினார். முடித்ததும் அதிலேயே.

● லிவரைத் தட்டினால் டாம் கிடைக்கும், சரி. ஃப்ளோர் டாம் கிடைத்துவிடுமா? அங்கேதான் சிக்கல். ஸ்னேரின் மேல்தோல் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். கம்பியை எடுத்துவிட்டு அடித்தால், லத்தீன் இசைக்காரர்களின் டிம்பாலே போலக் கணீரென்று ஒலிக்கும். தோலின் இயற்பியல் கணக்கு கறாரானது: விட்டம் மாறாமல் ஓசை ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால், இழுவிசை நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அதே இழுவிசையில் விட்டத்தை 14-லிருந்து 16 அங்குலமாக்கினால் இறங்குவது இரண்டு அரைச்சுரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 'உயரம் கூடினால் பேஸ் கூடும் சார்' என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. உயரம் ஓசைக்குக் கனத்தையும் நிறைவையும் தரும். சுருதியை முடிவுசெய்வது முக்கியமாக விட்டமும் தோலின் இறுக்கமும்தான்.

● வெறும் தோலில் பிறக்கும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கரணை என்னும் கரும்பூச்சு அவற்றை இசையவைக்கிறது என்று 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதியவர் நம் சி.வி.ராமன். டாமில் கரணை கிடையாது. ஆகவே டியூனரை வைத்துக்கொண்டு அதில் சுத்தமான ஸட்ஜமம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

● 'ஃப்ளோர் டாமையே வாங்கி, அடியில் கம்பி மாட்டிவிட்டால்?' பலருக்கும் வரும் யோசனை. ஸ்னேரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கம்பி கடக்கும் இரண்டு இடங்களிலும் ஷெல்லின் (டிரம்மின் உடல்) விளிம்பு லேசாகப் பள்ளம் வாங்கியிருக்கும். அந்தச் சரிவு இருப்பதால்தான் கம்பி தோலில் படிந்து கிடக்கிறது. டாமின் விளிம்போ சுற்றிலும் சமமட்டம். இன்னொன்று, ஸ்னேரின் கீழ்த்தோல் பெரும்பாலும் 0.08 மி.மீ. கூட இருக்காது, விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும். டாமுக்குப் போடும் தோல் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு தடிமன். அதில் கம்பி சோம்பேறித்தனமாகத்தான் எழும். கம்பியின் பட்டை நுழைய, தோலை இறுக்கிப் பிடிக்கும் ரிம்மில் வெட்டும் வேண்டும். தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து விளிம்பைச் செதுக்கிக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்! கம்பியோடு தயாராகி வரும் ஃப்ளோர் டாம் கிடைத்தால் அது வேறு கதை.

● அப்படியானால் எதை வாங்குவது? 14 அங்குல விட்டம், 8 அங்குல உயரம், மர ஷெல். இதுதான் என் கட்சி. இதைவிடக் குட்டையானதில் டாமின் கனம் வராது. இதைவிட நெட்டையானதில் மெல்லத் தட்டினால் கம்பி தாமதமாகத்தான் பேசும். சில நிறுவனங்கள் விட்டத்தை முதலில் எழுதும், சில உயரத்தை. 8x14 என்றாலும் 14x8 என்றாலும் சரக்கு ஒன்றே. ஆனால், வழக்கமான ஸ்டாண்டில் வைத்தால் டிரம் மேலேறித் தொடையை இடிக்கும். தாழ்வாக இறங்கும் ஸ்டாண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

● கடையில் பார்க்க வேண்டியது: லிவரை இறக்கிவிட்டு டிரம்மின் நடுவே ஓங்கி ஒரு அடி. கம்பி துளிகூட முனகக் கூடாது. பிறகு லிவரை ஏற்றி, ரிம் ஓரமாகக் குச்சி நுனியால் மிக மெல்லத் தட்டுங்கள். இப்போது கம்பி பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், பளபளப்பைப் பார்த்து மயங்காமல் அடுத்த டிரம்முக்குப் போய்விடுங்கள்.

● வீட்டுக்கு வந்ததும் கீழ்த்தோலை நன்றாக இறுக்குங்கள். மேலே இரண்டு அடுக்குத் தோல் போட்டு, சுருக்கம் விழாத அளவுக்கு மட்டும் இறுக்கம் வையுங்கள். கம்பி ஏறினால் தடித்த ஸ்னேர், இறங்கினால் ஃப்ளோர் டாமின் சாயல். ஓசை நீண்டு இழுத்தால் ஒரு துண்டைப் போடலாம். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார், 1969-ல் வந்த 'கம் டுகெதர்' பாட்டுக்குத் தம் டாம்கள்மேல் டீ டவலை விரித்துத்தான் வாசித்தார்.

● ஒரே டிரம் பல வேலை பார்ப்பது புதிதல்ல. 1940-களில் அமெரிக்க விடுதிகளில் 'காக்டெய்ல் டிரம்' பிரபலமானது. நெட்டையான ஒரே டிரம். மேல்தோலுக்கு உட்புறம் கம்பி. கீழ்த்தோலை மிதிகட்டை கீழிருந்து மேலாக அடிக்கும். ஸ்னேர், டாம், பேஸ் டிரம் மூன்றும் ஒன்றிலேயே முடிந்தன. வாசிப்பவருக்கு நாற்காலிகூடக் கிடையாது, நின்றபடிதான். நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் மோ டக்கரும் நின்றுகொண்டே வாசித்தவர். பேஸ் டிரம்மைப் படுக்கவைத்து, பஞ்சுத் தலைக் குச்சியால் மேலிருந்து அடித்தார்.

● ஒரே பாட்டில் ஸ்னேரும் டாமும் மாறி மாறி உருள வேண்டுமென்றால், லிவரைத் தட்டி மாற்றும் ஏற்பாடு உதவாது. குச்சி பிடித்த கை, நடுவில் லிவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பாட்டுக்குப் பாட்டு மாற்றிக்கொள்பவர் என்றால் தாராளமாக 14x8 வாங்குங்கள். மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, இரண்டு டிரம்களாகவே வாங்கிவிடுவது உத்தமம்.