எல்லா ஃபில்டரும் தேவையா?

புதிய கேமரா வாங்கினால், கூடவே ஃபில்டர்கள் அடங்கிய பெட்டியும் வாங்க வேண்டுமா? 'எல்லாவற்றையும் கணினியில் சரிசெய்துகொள்ளலாமே' என்பவர்கள் உண்டு. அது பாதிதான் உண்மை. நிறத்தைப் பிறகு கூட்டலாம், குறைக்கலாம். ஆனால், பளபளப்பு மறைத்துவிட்டதைப் பிறகு மீட்பது கடினம்.

பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். 2018-இல் வண்ணம் தீட்டப்பட்ட 272 படிகள் மழையில் நனைந்தால் வெள்ளையாக மின்னும். வண்ணம் வெளிறித் தெரியும். குன்றிலுள்ள இலைகளும் அப்படியே. இதற்கு உதவுவது போலரைசர் ஃபில்டர். லென்ஸ் முன்னால் மாட்டி, வளையத்தை மெல்லத் திருப்ப வேண்டும். பளபளப்பு குறைந்து, படியின் நிறமும் இலையின் பச்சையும் வெளிவருவது கண்ணுக்கே தெரியும்.

வானத்தின் நீலத்தையும் இது கூட்டும். ஆனால், எல்லாத் திசையிலும் அல்ல. சூரியன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நம் நாட்டில் காலையிலும் மாலையிலும் வடக்கு, தெற்குப் பக்கம் படமெடுத்தால் பலன் அதிகம். சூரியனை நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ எடுத்தால் வானில் மாற்றம் குறைவு.

அடுத்தது என்.டி. ஃபில்டர். இது கறுப்புக் கண்ணாடி போன்றது. வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். பிரிக்பீல்ட்ஸ் நீரூற்றைப் பகலில் 1/60 வினாடியில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்.டி.64 மாட்டினால் ஷட்டரை ஏறக்குறைய 1 வினாடி திறந்து வைக்கலாம். நீர் பட்டுபோல் வழியும். முக்காலி அவசியம்.

மேற்பாதி கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர், கிள்ளான் தஞ்சோங் ஹராப்பானில் கடலோரச் சூரிய அஸ்தமனத்துக்குப் பொருந்தும். 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்துக்குப் பொருந்தாது. கோபுரத்தின் மேற்பகுதியும் சேர்ந்து இருண்டுவிடும். அங்கே, வெவ்வேறு வெளிச்ச அளவில் இரண்டு மூன்று படங்கள் எடுத்து இணைப்பதே மேல்.

யு.வி. ஃபில்டர் பிலிம் காலத்தில் பயன்பட்டது. டிஜிட்டல் கேமராவில் அது பெரும்பாலும் லென்ஸுக்குப் பாதுகாப்பு மட்டுமே. இரவில் கோபுர விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள்; விளக்கின் பிம்பம் படத்தில் இரட்டையாக விழக்கூடும்.

புகைமூட்டத்துக்கு? 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்ட அளவுக்குப் புகை சூழ்ந்தால், எந்த ஃபில்டரும் அதை விலக்காது. அன்று கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, நுரையீரலைப் பாதுகாப்பதே நல்லது.

வாங்கும் முன் லென்ஸில் வட்டக் குறியுடன் உள்ள எண்ணைப் பாருங்கள். 67, 77 என்று மில்லிமீட்டரில் இருக்கும். உங்களிடமுள்ள பெரிய லென்ஸின் அளவுக்கே ஒரு நல்ல போலரைசர் வாங்கி, சிறிய லென்ஸ்களுக்கு இணைப்பு வளையம் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒன்றில் கை பழகிய பிறகு என்.டி. ஃபில்டரைப் பற்றி யோசித்தால் போதும். பணமும் மிச்சம், பையில் சுமையும் குறைவு.