பிஸ்டனுக்கு ஏன் இந்த அடி?

"ரேஸ் கார் அவ்வளவு வேகமாகப் போகுதே, எஞ்சின் உடைஞ்சு போகாதா?"

இப்படிக் கேட்கத் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பக்கம். கிட்ட வாங்க.

எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் என்று ஒரு வட்டமான அலுமினியத் துண்டு இருக்கிறது. மேலே போகும், நிற்கும், கீழே வரும், நிற்கும். அதன் வேலையே அதுதான். வாப்பாவின் த்ரீவீல் எஞ்சின் நிமிடத்துக்கு நாலைந்தாயிரம் தடவை சுற்றும்.

கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனைத் தெரியுமா? ஃபார்முலா வண் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். 2005இல் அவர் ஓட்டியது ஜோர்டான் கார், டொயோட்டா எஞ்சின். அந்தக் காலத்து எஞ்சின்கள் நிமிடத்துக்கு 18,000 தடவைக்கு மேல் சுற்றின.

கொப்பியை எடுங்க. 18,000ஐ 60ஆல் பிரியுங்க. விநாடிக்கு 300! ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை நின்று திரும்ப வேண்டும். அப்போ விநாடிக்கு 600 தடவை. விளங்குதா?

நின்று திரும்பும் அந்த இடத்தில்தான் ஆபத்து. ஒரே எஞ்சினின் வேகம் இரண்டு மடங்கானால், பிஸ்டனைப் பிய்த்திழுக்கும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால்? ஒன்பது! சொல்லிவிட்டீர்களா? சபாஷ்.

சாதாரண பிஸ்டனை வார்த்துத்தான் செய்வார்கள். அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். அது ஆறும்போது உள்ளே குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்கள் தங்கிவிடலாம். பெருநாளைக்கு உம்மா அவிக்கிற வட்டிலப்பத்தை வெட்டினால் ஓட்டை ஓட்டையாகத் தெரியுமே, அப்படி. ஆனால் இது கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னது. அந்த ஓட்டையின் ஓரத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு பிறக்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் கொஞ்சம் நீளும். ஒருநாள் "டமார்!" சில வேளை பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் முறிந்து எஞ்சினின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இனி, வேளாண்மை வெட்டுகிற தாக்கத்தியைக் கொல்லர் எப்படிச் செய்கிறார்? இரும்பை உருக்குவதில்லை. சிவக்கக் காய்ச்சி, அடி அடி என்று அடிக்கிறார். ரேஸ் பிஸ்டனுக்கும் அதே வித்தைதான், சுத்தியலுக்குப் பதில் ராட்சத அழுத்து இயந்திரம். 660 பாகை செல்சியஸில் அலுமினியம் உருகிவிடும். அதற்கு நன்றாகக் கீழேயே சூட்டை நிறுத்தி, அச்சுக்குள் வைத்து நசுக்குவார்கள். ஓட்டைகள் மூடிப்போகும். உலோகத்தின் உள்ளிழைகளும் பிஸ்டனின் வளைவை ஒட்டியே வளைந்து படியும். வெடிப்புக்கு இலேசில் வழி கிடைக்காது.

2005இல் ஃபார்முலா வண் பந்தயத்தில் ஒரு சட்டமும் வந்தது. ஒரே எஞ்சின் இரண்டு பந்தயங்களுக்குத் தாங்க வேண்டும். இடையில் மாற்றினால் பத்து இடம் பின்னால் நின்று புறப்பட வேண்டும். எஞ்சின் செய்தவர்களுக்குத் தூக்கமே போயிருக்கும்!

"அப்போ வாப்பாவின் த்ரீவீலுக்கும் அடித்த பிஸ்டன் போடலாமே?" போடலாம், ஆனால் விலை கூட. இன்னொரு சங்கதியும் உண்டு. ரேஸ் பிஸ்டன்கள் சூடானால் கூடுதலாக விரியும். அதனால் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டே பூட்டுவார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் ஆடி "டக் டக்" என்று தட்டும். நாலைந்தாயிரம் சுற்றுக்கு வார்த்த பிஸ்டனே தாராளம்.

த்ரீவீல் எஞ்சினைச் சீக்கிரம் கொல்வது அநேகமாக ஒயில் குறைவுதான். கடைசியாக எப்போது ஒயில் மாற்றினார் என்று இன்றைக்கே வாப்பாவிடம் கேளுங்க. முழிப்பார்!