நூறு கஜத் தொலைவு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், போர்த்லெவன் என்ற மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே, லோ ஏரியைக் கடலிலிருந்து பிரித்தபடி ஒரு கூழாங்கல் திட்டு நீண்டு கிடக்கிறது. அதற்கு லோ பார் என்று பெயர். 1807 டிசம்பர் 29ஆம் தேதி காலை பிரிட்டிஷ் கடற்படையின் 'ஆன்சன்' என்ற பாய்மரப் போர்க்கப்பல் அங்கே தரைதட்டி உடைந்தது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஏறக்குறைய 100 கஜம்தான் இருந்தது. சுற்று வட்டாரத்து மக்கள் கரையில் திரண்டு நின்றார்கள். அவர்கள் கண்ணெதிரே மாலுமிகளை அலை வாரிக்கொண்டு போனது. கடற்படை வரலாறுகள் இந்த இழப்பைப் புயலின் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த கப்பலுக்குப் போய்விடுகின்றன. கப்பல் அழிந்தது புயலால் என்பது சரி. ஆட்கள் இறந்ததற்குக் காரணம் வேறு: அந்த 100 கஜத்தைக் கடக்க ஒரு கயிறு இல்லை. இந்த இரண்டு காரணங்களையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்பதே என் வாதம்.

ஆன்சன் சாதாரணக் கப்பல் அல்ல. 1781இல் பிளிமத்தில் 64 பீரங்கிகளோடு கடலில் இறக்கப்பட்டது. மறு ஆண்டே கரீபியன் கடலில் பிரெஞ்சுக் கடற்படையை முறியடித்த செயின்ட்ஸ் போரில் கலந்துகொண்டது. நாளடைவில் 64 பீரங்கிக் கப்பல்கள் பெரும் போர்வரிசையில் நிற்கப் போதாதவை ஆகிவிட்டதால், 1794இல் அதன் மேல்தளத்தை அறுத்தெடுத்து 44 பீரங்கிகள் கொண்ட, ஃபிரிகேட் என்ற வேகப் போர்க்கப்பல் வகையில் கனமான ஒன்றாக மாற்றினார்கள். 1798இல் அயர்லாந்து கரையருகே நடந்த டோரி தீவுப் போரிலும் அது இருந்தது. 1807 ஜனவரி முதல் நாள் டச்சுக்காரர்களிடமிருந்து குராசாவ் தீவைப் பிடித்த நான்கு கப்பல்களில் ஆன்சனும் ஒன்று. அதன் கேப்டன் சார்ல்ஸ் லிடியார்டுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கப்பலும் இல்லை, கேப்டனும் இல்லை.

டிசம்பர் 24 அன்று ஆன்சன் ஃபால்மத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தைக் குளிர்காலத்திலும் விடாமல் முற்றுகையிட்டு நிற்பது அதன் வேலை. தென்மேற்கிலிருந்து புயல் எழுந்ததும் லிடியார்ட் ஃபால்மத்துக்கே திரும்ப முயன்றார். ஆனால் கப்பல் மவுண்ட்ஸ் விரிகுடாவுக்குள் சிக்கிக்கொண்டது. இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலக் கப்பலின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறுக்கே சதுரப் பாய் கட்டிய கப்பலால் எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. காற்று வரும் திசையிலிருந்து நன்றாக விலகிச் சாய்வாகத்தான் முன்னேற முடியும். அதிலும் புயலில் முன்னே போகும் தூரத்தைவிடப் பக்கவாட்டில் கரையை நோக்கித் தள்ளப்படும் தூரம் அதிகம். கிழக்கே லிசார்டு முனை, மேற்கே லேண்ட்ஸ் எண்ட், தென்மேற்கே காற்றுக்குத் திறந்த வாய். இப்படி அமைந்த விரிகுடாவுக்குள் காற்று தள்ளிவிட்டால் வெளியே வர வழியில்லை. நங்கூரங்களைப் போட்டார்கள். 29ஆம் தேதி அதிகாலை ஒரு வடம் அறுந்தது, விடிந்தபின் அடுத்ததும் அறுந்தது. இனிக் கப்பலைக் காக்க முடியாது, ஆட்களையாவது காக்கலாம் என்று லிடியார்ட் கப்பலை வேண்டுமென்றே அந்தக் கூழாங்கல் கரையை நோக்கிச் செலுத்தினார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பாறையில் மோதியிருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

அப்படிக் கொந்தளிக்கும் கடலில் கயிறு இருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். இதற்கு அன்று நடந்ததே பதில் சொல்கிறது. தரைதட்டிய கப்பல் சாய்ந்தபோது நடுப் பாய்மரம் முறிந்து, தற்செயலாகக் கரைப்பக்கம் விழுந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அது ஒரு பாலம்போல் கிடந்தது. தப்பியவர்களில் பலர் அந்த மரத்தின் மேல் ஊர்ந்துதான் வந்தார்கள். பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருந்தால் அந்த அலையிலும் ஆள் பிழைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மரம் வேறு பக்கம் விழுந்திருந்தால் சாவு இன்னும் பெருகியிருக்கும். நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒரு மரம் விழும் திசையை நம்பி இருந்தன.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அந்தக் காலத்தில் அப்படியொரு கருவியே இல்லையே, இன்றைய கண்ணால் அன்றைய மனிதர்களைக் குறை சொல்வது நியாயமா? கருவி இருந்தது. பிரிட்டிஷ் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஜான் பெல், மோர்ட்டார் என்ற குட்டைப் பீரங்கியால் கப்பலிலிருந்து கரைக்குக் கயிறு வீசலாம் என்று 1791இலேயே செய்து காட்டினார். லண்டன் கலைகள் சங்கம் அவருக்குப் பரிசும் கொடுத்தது. அதன்பின் 16 ஆண்டுகள் அந்த யோசனையைக் கடற்படை கையில் எடுக்கவில்லை. ராக்கெட்டும் புதிதல்ல. மைசூர்ப் போர்களில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் ஏவிய ராக்கெட்டுகளைப் பின்பற்றி வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகளை, 1807 செப்டம்பரில் கோபன்ஹேகன் நகரத்தின் மேல் பிரிட்டன் பொழிந்தது. அதற்கு ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத்தான் ஆன்சன் உடைந்தது. ஒரு நகரத்தைக் கொளுத்த அவ்வளவு தூரம் நெருப்பை வீசத் தெரிந்த அரசுக்கு, தன் சொந்த மாலுமிகளுக்கு 100 கஜம் கயிறு வீசத் தோன்றவில்லை. குறை அறிவில் இல்லை. எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்ற முடிவில் இருந்தது.

இறந்தவர் எத்தனை பேர் என்பதில்கூடத் தெளிவில்லை. 60 என்று சொல்வோரும் உண்டு, 190 என்று சொல்வோரும் உண்டு. பிழைத்துக் கரையேறியவர்களில் பலர் அப்படியே தப்பியோடிவிட்டதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. துறைமுகத் தெருக்களிலும் வணிகக் கப்பல்களிலும் வலுக்கட்டாயமாகப் பிடித்துக் கடற்படையில் சேர்க்கப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்களுக்கு உடைந்த கப்பல் விடுதலையாகவும் இருந்தது. கரை ஒதுங்கிய உடல்களைப் பாதிரியாரோ பிரார்த்தனையோ சவப்பெட்டியோ இல்லாமல் அங்கேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். முகம் தெரியாத பிணத்துக்குச் செலவு செய்ய எந்த ஊரும் கடமைப்படவில்லை. அன்றைய வழக்கம் அப்படி. இதைப் பொறுக்காத மக்களின் சார்பில், அருகிலுள்ள ஹெல்ஸ்டனைச் சேர்ந்த தாமஸ் கிரில்ஸ் என்ற வழக்கறிஞர் ஒரு சட்ட வரைவை எழுதினார். 1808இல் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கடல் ஒதுக்கும் உடல்களைக் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும், செலவை மாவட்ட நிதி ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். செத்தவர்களுக்கு ஆறே மாதத்தில் வழி பிறந்தது. உயிரோடு தத்தளிப்பவர்களுக்கு அவ்வளவு விரைவாகப் பிறக்கவில்லை.

ஆன்சன் உடைந்த காலையில் கரையில் நின்றவர்களில் ஹென்றி டிரென்கிரவுஸ் ஒருவர். ஹெல்ஸ்டனில் மரச்சாமான் செய்யும் தச்சர். கண்ட காட்சி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. மெல்லிய கயிற்றை ராக்கெட்டில் கட்டி வீசுவது, அதைப் பிடித்து இழுத்துப் பெரிய வடத்தைக் கட்டுவது, வடத்தில் தொங்கும் இருக்கையில் ஒவ்வொருவராகக் கரைசேர்ப்பது என்று ஒரு முறையை அவர் உருவாக்கினார். ஜார்ஜ் மேன்பி என்பவர் ஏற்கெனவே மோர்ட்டாரால் கயிறு வீசி 1808 பிப்ரவரியில் எலிசபெத் என்ற கப்பலின் ஆட்களைக் காப்பாற்றிவிட்டாரே, டிரென்கிரவுஸுக்கு ஏன் இத்தனை பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. மேன்பியின் தொண்டு பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் டிரென்கிரவுஸ் ஒரு நுட்பத்தைச் சரியாகப் பிடித்தார். கரைதட்டும் கப்பலைக் காற்று கரையை நோக்கித்தான் தள்ளுகிறது. ஆகவே கரையிலிருந்து வீசினால் எதிர்க்காற்று, கப்பலிலிருந்து வீசினால் காற்றே துணை. மோர்ட்டார் கனமானது, இழுத்துக்கொண்டு போக வேண்டும், அதன் திடீர் உந்தலில் கயிறு அறுந்துவிடும். ராக்கெட்டோ மெல்ல வேகமெடுக்கும், ஒரு பெட்டிக்குள் அடங்கும். எனவே ஒவ்வொரு கப்பலிலும் இந்தப் பெட்டி இருக்க வேண்டும் என்றார்.

1818இல் அதிகாரிகள் முன் அவர் செய்து காட்டினார். கருவி நல்லது என்று ஒப்புக்கொண்டார்கள். அரசு முதலில் 20 பெட்டிகள் கேட்டது. பிறகு தானே செய்துகொள்வதாக முடிவெடுத்தது. ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் அவருக்கு ஒரு வைர மோதிரம் அனுப்பினார். வறுமையில் அவர் அதை அடகு வைக்க நேர்ந்தது. ஹெலிகாப்டர்கள் வரும்வரை ராக்கெட்டும் கயிறும் தொங்கும் இருக்கையும்தான் பிரிட்டிஷ் கரையோரங்களில் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றின. குடும்பச் சொத்தையும் விட்டுக்கொடுத்து ஏறக்குறைய 3,000 பவுண்டு செலவழித்த டிரென்கிரவுஸ் 1854இல் ஹெல்ஸ்டனில் இறந்தார். அரசு அவருக்குக் கொடுத்த இழப்பீடு 50 பவுண்டு.